நாய்க்கு இருமலா? முதலில் அந்த சிரப் பாட்டிலைக் கீழே வைங்க!

புஜ்ஜி போய் இரண்டு மாசம் ஆச்சு. உடனே எழுதினால் ஒப்பாரி ஆகிவிடும், கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். கோபம் யார்மேல் என்றால், முதலில் என்மேல். அடுத்தது, என்னை மாதிரியே வெளியூரில் குப்பை கொட்டிக்கொண்டு, வீட்டு நாய் இருமினால் ஆளுக்கொரு பாட்டிலோடு ஓடி வரும் நம் எல்லார்மேலும்.

புஜ்ஜியைத் தெரியாதவர்களுக்கு: வெள்ளை வெளேர் என்று புசுபுசு முடியோடு இருக்கும். பதினோரு வயசு. பார்க்கிறவர்கள் எல்லாம் பொமரேனியன் என்பார்கள், உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். விசாகப்பட்டினத்தில் குட்டியாக வந்தது, போபாலில் வளர்ந்தது, நாக்பூரில் முடிந்தது. என் டிரான்ஸ்ஃபர் ஆர்டர்களை என்னைவிட நிதானமாக ஏற்றுக்கொண்ட ஒரே ஜீவன்.

2024 தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து இரும ஆரம்பித்தது. கழுத்தை நீட்டி, தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரி 'கக்... கக்...' என்று இருமி, கடைசியில் ஓங்கரித்து வெள்ளையாகக் கொஞ்சம் நுரை துப்பும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டும். "பட்டாசுப் புகைதாங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார் தங்கமணி. நானும் ஒத்துக்கொண்டேன். அதுவரை தப்பில்லை. யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

தப்பு அடுத்த வாரம் ஆரம்பித்தது. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் போய் இருமல் மருந்து கேட்டேன். "பெரியவங்களுக்கா, குழந்தைக்கா?" என்றார் கடைக்காரர். "நாய்க்கு" என்றேன். "அப்போ குழந்தைங்க சிரப்பே போதும் சார்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு கடன் ஃபைலை அடுத்த மேஜைக்கு அனுப்பாத ஆள் நான். அந்த பாட்டிலை ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஊருக்குப் போன் போட்டால் தென்காசியிலிருந்து அம்மா: "சின்ன வெங்காயத்த இடிச்சு சாறு எடுத்து, கருப்பட்டி சேத்துக் குடுத்துப் பாருல, இருமலு பறந்திரும்." எதிர் வீட்டு மராட்டிக் காக்கு மஞ்சள் பாலோடு வந்தார். அலுவலகத்தில் ஒரு பஞ்சாபி நண்பர் இஞ்சியும் தேனும் என்றார். இந்தியாவை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று கிரிக்கெட், இன்னொன்று இருமலுக்குக் கைவைத்தியம்.

இதற்கு நடுவில் ஒரு கிளினிக்குக்கும் போனோம். எந்தக் கிளினிக் என்பது வேண்டாம். இரண்டு நிமிஷம். ஸ்டெதாஸ்கோப் மேஜையிலேயே இருந்தது. ஒரு ஊசி, ஒரு ஆன்டிபயாடிக், இன்னொரு சிரப். பத்து நாள் இருமல் குறைந்தது. "பாத்தீங்களா, நின்னுடுச்சு" என்று நாங்களே எங்களைத் தட்டிக்கொடுத்துக்கொண்டோம். பதினோராம் நாள் திரும்ப வந்தது. திரும்ப சிரப். இப்படியே மூன்று மாசம், ஆறு பாட்டில்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், புஜ்ஜி ஹாலில் உட்கார்ந்திருக்கிறது. படுக்க முடியவில்லை. முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, வயிறு உள்ளே போய் வெளியே வர மூச்சு வாங்குகிறது. நாக்கு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம். அள்ளிப் போட்டுக்கொண்டு ஊரின் இன்னொரு கோடிக்கு ஓடினோம். ஆக்சிஜன் வைத்து, நீர் பிரிய ஊசி போட்டு, விடிந்த பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சில் பாதி இடத்தை இதயமே அடைத்திருந்தது. நுரையீரலில் நீர். டியூட்டியில் இருந்த இளம் டாக்டரம்மா சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "ஆப் லோக் பஹுத் லேட் ஆயே." ரொம்ப தாமதமாக வந்திருக்கிறீர்கள். இதயத்தில் கேட்கும் இந்த இரைச்சல் நேற்று வந்ததில்லை, இருமல் தொடங்கின அன்றே யாராவது ஸ்டெதாஸ்கோப் வைத்திருந்தால் கேட்டிருக்கும் என்றார்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இதே வேலையைத்தானே நான் வங்கியில் குற்றம் என்கிறேன்? ஒரு கடன் கணக்கில் தவணை வரவில்லை. 30 நாள், 60 நாள், 90 நாள் என்று எச்சரிக்கைப் படிகள் இருக்கின்றன. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அந்தப் படிகளில் நாங்கள் செய்ய வேண்டியது, ஏன் தவணை வரவில்லை என்று விசாரிப்பது. ஆனால் சில மேனேஜர்கள் புதிதாக ஒரு சின்னக் கடன் கொடுத்து, அதிலிருந்தே பழைய தவணையைக் கட்டவைத்து, கணக்கு நன்றாக இருப்பதாகக் காட்டுவார்கள். எவர்கிரீனிங் என்று பெயர். கணக்கு பச்சையாகத் தெரியும். கம்பெனி உள்ளே செத்துக்கொண்டிருக்கும். நான் புஜ்ஜிக்கு மூன்று மாசம் செய்தது அதேதான். இருமல் என்பது தவணை தவறினதற்கான நோட்டீஸ். நான் நோட்டீஸைக் கிழித்துப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நாய்க்கு இருமல் என்பது வியாதியின் பெயர் இல்லை. சத்தத்தின் பெயர். அந்த ஒரே சத்தத்துக்குப் பின்னால் சம்பந்தமே இல்லாத பல வியாதிகள் நிற்கும்.

1. கென்னல் காஃப். தொற்று. பத்து நாய் இருக்கிற இடத்திலிருந்து தொற்றிக்கொண்டு வரும். நம் மாதிரி குடும்பங்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். ரயிலில் ஊருக்குக் கூட்டிப் போவதென்றால் முதல் வகுப்பு ஏசியில் தனி கூபே அல்லது கேபின் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் அனுப்ப வேண்டும். முடியாமல் லீவுக்குப் போர்டிங்கில் விட்டுப் போகிறோம். திரும்பி வந்தால் இருமல். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். இதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது. போர்டிங்கில் விடுவதற்கு முன்னால் டாக்டரிடம் கேளுங்கள்.

2. மூச்சுக்குழல் தளர்வு. பொமரேனியன், பக், யார்க்‌ஷயர் டெரியர் மாதிரி சின்ன ஜாதிகளில் அதிகம். மூச்சுக்குழலைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து, குழல் தட்டையாகிவிடும். வாத்து கத்துகிற மாதிரி இருமும். சங்கிலியை இழுத்தால், சந்தோஷத்தில் குதித்தால், உடம்பு பெருத்தால் அதிகமாகும்.

3. நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி. இரண்டு மாசத்துக்கு மேல் தினமும் இருமல், தொற்று எதுவும் இல்லை என்றால் டாக்டர் இதை யோசிப்பார்.

4. இதயம். வயதான சின்ன நாய்களில் இடதுபக்க வால்வு தடித்து, சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசியும். இதயத்தின் இடது மேலறை வீங்கி, அதை ஒட்டிப் போகும் மூச்சுக்கிளையை அழுத்தும். அதனால் இருமல். நோய் முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். புஜ்ஜிக்கு இதுதான்.

5. இதயப்புழு. கொசு கடித்துப் பரவுவது. வடகிழக்கு மாநிலங்களுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் இதை அவசியம் மனதில் வைக்க வேண்டும்.

6. நிமோனியா. தடுப்பூசி போடாத குட்டிகளில் டிஸ்டெம்பர். வயதான நாயில் நுரையீரல் கட்டி.

இப்போது முக்கியமான இடம். நாள்பட்ட அழற்சிக்கு டாக்டர் கொடுப்பது ஸ்டீராய்டு. அதே ஸ்டீராய்டைத் தொற்று இருக்கும் நுரையீரலுக்குக் கொடுத்தால் நோய் எதிர்ப்பு குறைந்து தொற்று வளரும். இதய நோயில் நுரையீரல் நீரை வடிக்க நீர் பிரியும் மருந்து. அதையே அழற்சி இருமலுக்குக் கொடுத்தால் சளி வறண்டு கெட்டியாகி, வெளியே வராமல் உட்கார்ந்துகொள்ளும். மூச்சுக்குழல் தளர்வுக்கு இருமலை அடக்கும் மருந்து சரியான மருந்து. நிமோனியாவில் அதே மருந்து, வெளியே வரவேண்டிய சளியை உள்ளேயே பூட்டி வைக்கும். சத்தம் ஒன்று, மருந்து எதிரெதிர். பெயர் தெரியாமல் மருந்து கொடுப்பது, ஆள் யாரென்று தெரியாமல் செக் எழுதுவது மாதிரி. அதனால் நான் சிரப்புக்கு எதிரி இல்லை. விசாரணை இல்லாத சிரப்புக்கு எதிரி.

அடுத்தது நம் சமையலறை. கோபப்படாமல் படியுங்கள். சின்ன வெங்காயம் நமக்கு மருந்தாகவே இருக்கட்டும், நாய்க்கு விஷம். வெங்காயம், பூண்டு குடும்பமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்தாலும் அந்த குணம் போகாது. அம்மா சொன்ன சாற்றை நான் இரண்டு நாள் கொடுத்தேன். புஜ்ஜி பாதியைத் துப்பிவிட்டது. என்னைவிட அதற்கு விவரம் இருந்திருக்கிறது. திராட்சை, உலர் திராட்சை இரண்டும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எங்கள் அம்மாவுக்கு நாயின்மேல் பிரியம் இல்லையா? என்னைவிட அதிகம். பிரியம் இருக்கிற இடத்தில் விவரமும் இருக்கும் என்று யார் சொன்னது?

மெடிக்கல் ஷாப் சிரப்பில் என்ன இருக்கிறது என்று பாட்டிலைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? சளி-இருமல் கலவைகள் பலவற்றில் பாராசிட்டமால் இருக்கும். அளவு கூடினால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும், ரத்தத்தையும் பாதிக்கும். மூக்கடைப்புக்குச் சேர்க்கும் ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபிட்ரின் எல்லாம் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். இதயம் கெட்டுப்போன நாய்க்கு இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. சுகர் இருக்கிற அப்பாவுக்கு வாங்கின 'சர்க்கரை இல்லாத' பாட்டில் மிச்சம் இருக்கிறதே என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்டவற்றில் சிலவற்றில் சைலிட்டால் இருக்கும். கொஞ்சம் போனாலே நாயின் ரத்தச் சர்க்கரை சட்டென்று விழுந்துவிடும்.

சிரப் என்றால் இனிப்புத் தண்ணீர், ஒன்றும் செய்யாது என்ற நினைப்பு நமக்கு எங்கிருந்து வந்ததோ. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரு இருமல் மருந்தால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அந்தக் குழந்தைகளில் பலரைச் சிகிச்சைக்குக் கொண்டு வந்தது நாங்கள் இருக்கும் இந்த நாக்பூருக்குத்தான். தினமும் பேப்பரில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அலமாரியில் மிச்சம் இருந்த புஜ்ஜியின் பழைய பாட்டில்களை தங்கமணி அன்றைக்குத்தான் எடுத்துத் தூக்கிப் போட்டார். ஒன்றும் பேசவில்லை.

இனி, இதைச் சொன்னதும் எனக்குக் கிடைத்த பதில்கள்.

"நாய்க்கெல்லாம் எக்ஸ்ரேவா?" கணக்குப் பார்த்துவிடுவோம், பி.காம். படித்ததற்கு அதாவது உபயோகப்படட்டும். ஆறு பாட்டில் சிரப் ₹720. இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே ₹800. அதை எடுக்காமல் விட்டதற்கு அந்த ஒரு ராத்திரியின் பில் ₹9,400. மிச்சம் பிடித்த லட்சணம் இது. கையில் காசு இல்லையென்றால் அரசு கால்நடைக் கல்லூரிகள் இருக்கின்றன. நாக்பூரில் செமினரி ஹில்ஸ், மும்பையில் பரேல், பெங்களூரில் ஹெப்பாள், சென்னையில் வேப்பேரி. வரிசையில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"வயசாயிடுச்சு, இருமத்தான் செய்யும்." வயசு ஒரு வியாதி இல்லை. நம் அப்பா மூன்று மாசம் இருமினால் இதையா சொல்வோம்? (சில வீடுகளில் சொல்வார்கள். அது இன்னொரு நாள்.)

"தெருநாய்க்கெல்லாம் யார் வைத்தியம் பார்த்தா? அது பாட்டுக்கு நல்லாத்தானே இருக்கு?" இல்லை. நன்றாக இல்லாதவை செத்துப்போய்விட்டன. உயிரோடு இருப்பதை மட்டும் எண்ணினால் எல்லாக் கணக்கும் லாபம்தான்.

"முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா மட்டும் என்ன பண்ணியிருக்க முடியும்?" இந்தக் கேள்விதான் என்னை ராத்திரி தூங்கவிடாதது. அதற்குப் பதில் இருக்கிறது. 2016-ல் வெளியான எபிக் என்ற ஆய்வு, வால்வு நோயால் இதயம் பெருத்து, ஆனால் இன்னும் செயலிழக்காத 360 நாய்களை வைத்துச் செய்தது. பிமோபெண்டன் என்ற மாத்திரையை அந்தக் கட்டத்திலேயே ஆரம்பித்த நாய்களுக்கு, இதயம் செயலிழப்பது ஏறக்குறைய 15 மாசம் தள்ளிப்போனது. எங்களுக்கும் 15 மாசம் கிடைத்திருக்கும் என்று சொல்லமாட்டேன், இது மொத்தக் கூட்டத்தின் கணக்கு. ஆனால் ஏதோ கொஞ்சம் கிடைத்திருக்கும். அந்தக் கொஞ்சத்தை நான் ஆறு பாட்டிலில் ஊற்றிக் கரைத்துவிட்டேன்.

அப்போ என்னதான் செய்வது? நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

இருமலை செல்போனில் வீடியோ எடுங்கள். டாக்டர் முன்னால் எந்த நாயும் இருமாது, சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். புது ஊரில், அரைகுறை இந்தியில் 'கக் கக்' என்று நடித்துக் காட்டுவதைவிட அரை நிமிஷ வீடியோ தெளிவாகப் பேசும். எப்போது இருமுகிறது, ராத்திரியா, தண்ணி குடித்தாலா, ஓடினாலா என்று ஒரு காகிதத்தில் தேதி போட்டு எழுதுங்கள்.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தூக்கத்தில் நிமிஷத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து வந்தால் டாக்டருக்குப் போன் போடுங்கள். காசே செலவில்லாத பரிசோதனை. கடைசிப் பத்து மாசமும் எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்போடு கட்டும் ஹார்னெஸ் மாட்டுங்கள். எடையைக் குறையுங்கள். புஜ்ஜி எட்டு கிலோ இருக்க வேண்டியது, பதினொன்று இருந்தது. கையில் இருக்கும் அப்பளத்தில் பாதி, முறுக்கில் பாதி, உப்புப் போட்ட தயிர்சாதத்தில் கடைசி உருண்டை என்று நாம் காட்டும் பாசம் எல்லாம் இதய நோயுள்ள நாய்க்கு உப்பு மூட்டை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினசரி ஊதுபத்தி, கொசுவர்த்தி, எந்தப் புகையாக இருந்தாலும் நாயை வேறு அறையில் விடுங்கள்.

டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். "நெஞ்சில் வைத்துக் கேட்டீங்களா? மர்மர் இருக்கா? எக்ஸ்ரே வேணுமா?" கேட்டால் கோபித்துக்கொள்பவர் என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள். ஃபைல் ஒன்று போடுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் மாறும் நமக்கு டாக்டரும் மாறுவார். முந்தின டாக்டர் கேட்டது அடுத்தவருக்குத் தெரிய வேண்டும் என்றால் காகிதம்தான் சாட்சி. புஜ்ஜிக்கு போபாலில் ஒருமுறை பார்த்த டாக்டர் சீட்டில் என்னமோ எழுதிக் கொடுத்தார். வீடு மாற்றும்போது அந்தச் சீட்டு தொலைந்தது. அதில் என்ன இருந்திருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். எங்கள் எல்.ஐ.சி. பாலிசிகள் மட்டும் ஒன்றுகூடத் தொலையவில்லை.

எல்லா இருமலுக்கும் அலறிக்கொண்டு ஓடச் சொல்லவில்லை. விளையாடிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு இருக்கும் இளம் நாய் நாலு நாள் இருமினால் கவனித்துப் பார்க்கலாம். இரண்டு வாரம் தாண்டினால் காரணம் தெரிந்தே ஆக வேண்டும். வயதான நாய் என்றால் அதற்கும் முன்னாலேயே. நாக்கோ ஈறோ நீலமானால், படுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தால், மயங்கி விழுந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

புஜ்ஜி பிப்ரவரிக்கு அப்புறம் காலையும் ராத்திரியும் மாத்திரையில் பத்து மாசம் ஓட்டியது. அதில் ஏழெட்டு மாசம் நன்றாகவே இருந்தது, கதவு மணி அடித்தால் குரைத்தது, காக்குவின் பூனையைத் துரத்தியது. டிசம்பரில் ஒரு மத்தியானம் தங்கமணி மடியில் போனது. போன் பண்ணிச் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வெங்காயச் சாறு குடுத்ததாலயால?" இல்லைம்மா என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அம்மா கேட்ட அந்தக் கேள்வியை மூன்று மாசம் முழுக்க ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. எதனால இருமுது?

உங்கள் வீட்டில் ஒன்று இருமிக்கொண்டிருந்தால், அதை இன்றைக்கே கேளுங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பேங்க்காரன். மேலே மருந்துப் பெயர்களை எழுதியது உங்கள் டாக்டரிடம் கேட்பதற்காக. மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்பதற்காக இல்லை.